முப்பத்தோராவது இலை

என் கணவர் கொர்னேலியஸால் எந்தச் சாமியின் அற்புதத்தையும் அஞ்சு நிமிஷத்தில் பிரித்துப் போட்டுவிட முடியும், எங்கள் சாமியினுடையதைத் தவிர.

ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்து ஆபீசில் அவர் கிராணி, கணக்கு எழுதுகிறவர். மலாக்கா பக்கத்து அலோர் காஜாவிலிருந்து ஏழாவது மைலில் இருப்பதால் தோட்டத்துக்கு அந்தப் பெயர். துரைமார் வைத்த பெயர் வேறு. அது எங்கள் வாயில் நுழைந்ததில்லை. ஆபீசில் அவருக்கு ஆயிரம் வேலை இருந்தாலும் மனசுக்குப் பிடித்த வேலை ஒன்றுதான். ஆபீசுக்குப் பின்னால் புல்தரையில் மழை அளக்க ஒரு செப்புப் புனலை நட்டிருந்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எத்தனை இஞ்சு என்று மழைப் புத்தகத்தில் எழுதுவார். மழை பெய்யாத நாளிலும் போய்க் கவிழ்த்துப் பார்ப்பார். மாதா கோயில் பூசைக்குக்கூட அந்த மனுஷன் அத்தனை ஒழுங்காகப் போனதில்லை.

அந்தப் புனலை வைத்து உலகத்தையே அளந்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. கிருஷ்ணன் மலையைக் குடையாகப் பிடித்தார் என்று யாராவது சொன்னால், "பெரிய மழை லா. எல்லாரும் குகைக்குள்ள ஒதுங்கியிருப்பாங்க" என்பார். துவாரகையைக் கடல் கொண்டதா? பூமி அதிர்ச்சி. நான் கருவாட்டை ஆய்ந்துகொண்டே மெதுவாகக் கேட்பேன்.

"அப்ப மோசே செங்கடல பிரிச்சது?"

"அது வேற."

"நோவா காலத்து வெள்ளம்?"

"அக்னஸ், அது வேதம். அது வேற."

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்தான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைப் பிள்ளைகள் ஆறேழு பேருக்கு ஞானோபதேசமும் சொல்லிக்கொடுப்பேன். நோவாவின் பேழையில் ஏறாதவர்கள் எல்லாரும் கெட்டவர்களா டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அதில் நிறுத்தி யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

முனியாண்டி கோயில் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில், காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. கோயில் என்றால் ஒரு தகரக் கூரை, மூன்று கல், ஒரு வேல், அவ்வளவுதான். அங்கிருந்து லாரி ரோடு வரைக்கும் புல் முளைத்த பள்ளத் தரை ஒன்று நீளமாக இறங்கி வரும். அதற்கு முனி ஓட்டம் என்று பெயர். முனி தன் வெள்ளைக் குதிரையில் ஏறிப் போகிற பாதை. அங்கே யாரும் உட்கார மாட்டார்கள், மாடு கட்ட மாட்டார்கள், ஒரு பீடிகூடப் பற்றவைக்க மாட்டார்கள். பால் வாளியோடு குறுக்கே போகவேண்டியவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கடந்துவிடுவார்கள்.

தோட்டம் புதுசாக இருந்த காலத்தில் அந்தத் தரையில்தான் ஆட்கள் குடியிருக்கும் லயம் இருந்ததாம். ராமாத்தாள் என்று ஒரு அடங்காப்பிடாரி, ஒரு ராத்திரி முனி பாதையில் நின்று பந்தம் கொளுத்தினாளாம். முனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இடி மாதிரி குளம்புச் சத்தத்தோடு குதிரையில் வந்து லயத்தை மிதித்துத் துவைத்துவிட்டுப் போனார். விடிந்து பார்த்தால் சேறு மட்டும்தான் மிச்சம். செத்தவர்கள் எல்லாம் முனியின் படையில் சேர்ந்துகொண்டார்கள்.

அவர்களுக்குத்தான் வருஷா வருஷம் கார்த்திகைக் கடைசி வெள்ளியன்று படையல். முப்பத்தொரு இலை போடுவார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, கோழிக்கறி, இலைக்கு ஒரு சுருட்டு. முப்பது இலைகளில் நுனி இடப்பக்கம் இருக்கும். கடைசி இலை ராமாத்தாளுக்கு. அதை மட்டும் நுனி வலப்பக்கம் வரும்படி மாற்றிப் போட்டு, உப்பில்லாத சோறு வைப்பார்கள். இத்தனை பேரைக் காவு கொடுத்தவளுக்கு உப்பு ஒரு கேடா என்பார்கள். பூசாரி சாமிக்கண்ணு. பால் வெட்டுகிறவர்தான், அவருடைய அப்பா தங்கையாவுக்குப் பிறகு பூசை அவர் கைக்கு வந்தது. தங்கையா ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். சாமிக்கண்ணுவின் மனைவி மீனம்மா காலையில் என் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

டாருராட் என்ற அவசரகாலம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அந்த நேரத்தில்தான் மேலிடத்து உத்தரவு வந்தது: அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற லயங்களைப் பிரித்து, ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போடவேண்டும். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்குச் சோறோ சேதியோ போகக்கூடாது. துரை ஜீப்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடத்தைக் காட்டினார். ரோட்டுக்குப் பக்கம், வெட்ட மரமில்லை, ராணுவ லாரி நேராக வந்து நிற்கலாம். வேறெது, முனி ஓட்டம்தான்.

காலைப் பெரட்டில் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது சாமிக்கண்ணு ஒரு அடி முன்னால் வந்தார்.

"தொரை, எங்க போகச் சொன்னாலும் போறோம். அங்க மட்டும் வேணாம். அது முனி ஓட்டம்."

என் கணவர் அதை இங்கிலீஷில் சொன்னார். உங்கள் சாமியை இனிமேல் லாரி ரோட்டில் போகச் சொல்லுங்கள் என்றார் துரை. அதைக் கொர்னேலியஸ் தமிழில் சொல்லவில்லை. "தொரை யோசிக்கிறாராம்" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷனை நான் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டதற்கு இதைப் போன்ற சின்னச் சின்னக் காரணங்கள் உண்டு.

இரண்டு வாரம் போயிற்று. ஒருத்தரும் தங்கள் லயத்திலிருந்து ஒரு பலகையைக்கூடக் கழற்றவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. நாளைக்குச் செய்கிறோம் என்பார்கள். நாளைக்கும் அதையே சொல்வார்கள். அதற்குள் கார்த்திகைக் கடைசி வெள்ளி வந்தது. இருட்டுவதற்கு முன்னால் படையல் போட்டுவிட்டு எல்லாரும் வீடு திரும்பினார்கள்.

சனிக்கிழமை காலை அந்தப் பக்கம் வந்த ராணுவ ரோந்து இலைகளைப் பார்த்தது. எண்ணியது. பூட்ஸ் காலால் எத்திக் கலைத்தது. மத்தியானம் பால் நிறுக்கிற இடத்துக்குப் போலீஸ் லாரி வந்து, வாளியைக் கீழே வைக்கக்கூட விடாமல் சாமிக்கண்ணுவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

கொர்னேலியஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"காட்டோரத்துல முப்பத்தோரு பேருக்குச் சோறு, முப்பத்தோரு சுருட்டு. கம்பிக்குள்ள போகமாட்டோம்னு சொன்னதும் அதே ஆளு. இதுல யோசிக்க என்னா இருக்குன்னு இன்ஸ்பெக்டர் கேக்குறாரு."

"அது முனியோட படைக்குன்னு நீங்க சொல்லலியா?"

"சொன்னேன். படைன்ன உடனே நிமிர்ந்து உக்காந்துட்டாரு."

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு?"

"எனக்கு அழுகையா வருது அக்னஸ். ஏன் முப்பத்தொண்ணு, முப்பது போடக்கூடாதான்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. சாமிக்கண்ணுவுக்கும் தெரியல. எங்கப்பா சொன்னாருன்னு மட்டும் சொல்லியிருக்கான். காரணம் இல்லாம ஒரு நம்பர் வராது, அந்தக் காரணம் காட்டுக்குள்ள இருக்குன்னு இன்ஸ்பெக்டர் எழுதிட்டாரு. இன்னும் ரெண்டு வாரத்துல பேப்பர் மேல போயிரும். அடுத்த கப்பல்ல இந்தியா."

சாமிக்கண்ணு இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். மலாக்கா துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றையும் பார்த்ததில்லை. மீனம்மாவுக்கு அப்போது ஏழு மாசம். திங்கட்கிழமை அவள் வழக்கம்போல் பள்ளிக்கூடத்துக்கு வந்து பெருக்கினாள். பெருக்கி முடித்துவிட்டு விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"டீச்சர், நாகப்பட்டணத்துல எறக்கி விட்டுருவாங்களாம். அந்த ஊருல அவருக்கு யாரத் தெரியும்? எறங்கி எந்தப் பக்கம் நடக்கணும்னுகூடத் தெரியாதே. அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு கிராணி ஐயா படிச்சுப் பாத்துச் சொல்லக்கூடாதா?"

படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு வெட்கமாக இருந்தது. அஞ்சு வருஷமாகத் தூரத்தில் நின்று அந்த இலைகளைப் பார்த்திருக்கிறேன். ஏன் முப்பத்தொன்று என்று ஒரு தடவையாவது கேட்டதில்லையே.

ஆபீஸ் ஸ்டோரின் பரணில் பழைய புத்தகங்கள் இருந்தன. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் இருந்த கிராணி அவற்றை மண்ணெண்ணெய் டின்களில் போட்டு அடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பூசைக்குப் போக வண்டியும் இல்லை, பாஸும் இல்லை. நானும் அவரும் ஸ்டோருக்குள் போய் டின்களை இறக்கினோம். பாதிக்குப் பாதி கறையான் தின்ற தூள். இவர் கை முதலில் எதை எடுக்கும்? மழைப் புத்தகங்களைத்தான். ஒவ்வொரு வருஷமாகப் புரட்டிக்கொண்டே போனவர், 1911 டிசம்பரில் வந்து அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு நாள் நாலு இஞ்சு. அடுத்த நாள் ஏழு. அதற்கு அடுத்த நாள் பதினொன்று. அதன் பிறகு ஆறு நாளுக்கு ஒன்றுமே எழுதவில்லை. ஏழாவது நாள் ஓரத்தில் ஒரு வரி: மழைப் புனலை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது, புதியது கேட்டு எழுதியிருக்கிறது.

"அக்னஸ்!" என்று கத்தினார். "முனியும் இல்ல, குதிரையும் இல்ல. தண்ணி! ஆறு ஒடைச்சுக்கிட்டு வந்திருக்கு. அந்தப் பள்ளம் ஆத்தோட பழைய பாதை. நொரைய பாத்துட்டு வெள்ளைக் குதிரைன்னு சொல்லியிருக்கானுங்க. குளம்புச் சத்தம் என்னா, பாறை உருள்ற சத்தம். நான் சொன்னேன்ல?"

எனக்கு வந்ததே கோபம். "சாமி தண்ணியான்னு யாருங்க கேட்டா இப்ப? அந்த மனுஷன் லாக்கப்புல கெடக்குறாரு. பதினோரு இஞ்சுன்னு போயி இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க, வெளிய விட்டுருவாரா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. அதே மாசத்துச் செக்ரோலைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். தினமும் யார் வேலைக்கு வந்தார்கள் என்று குறிக்கிற பெரிய நோட்டு அது. பதினொரு இஞ்சு மழைக்கு மறுநாளிலிருந்து பல பெயர்களின் மேல் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது. விரல் வைத்து எண்ணினேன். இருபத்துநாலு. திரும்ப எண்ணினேன். இருபத்துநாலுதான்.

சே என்று ஆகிவிட்டது. இத்தனை கிட்டத்தில் வந்து ஏழு பேர் குறைகிறதே. நான் நோட்டை மூடிவிட்டேன். மூடிய பிறகுதான், செக்ரோலில் யார் பெயர் இருக்கும் என்று கொர்னேலியஸ் சத்தமாகக் கேட்டார். என்னையல்ல, தன்னையே கேட்டுக்கொண்டார்.

"வேலை செய்றவங்க பேருதான் இருக்கும்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிள்ளைகள் செக்ரோலில் இருக்க மாட்டார்கள்.

கடிதங்களின் நகல் வைக்கிற புத்தகம் கடைசி டின்னில் இருந்தது. 1911 டிசம்பர் கடைசியில் அந்தக் காலத்துத் துரை மேலிடத்துக்குத் தன் கையால் எழுதிய கடிதம். கொர்னேலியஸ் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார், வர வரக் குரல் இறங்கிப்போயிற்று. ஆறு கரையை உடைத்துப் பழைய வழியில் வந்துவிட்டது. செத்தவர்கள் பெரியவர்கள் இருபத்துநாலு, குழந்தைகள் ஏழு. லயத்தை அங்கே கட்டியது வண்டிப்பாதைக்குப் பக்கம் என்கிற வசதிக்காக. தாழ்ந்த இடம் என்று ஆட்கள் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. தங்கையா என்பவனின் மனைவி ராமாத்தாள், லயத்தின் கோடியில் நின்று பந்தம் கொளுத்திப் பிடித்தாள். அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்து பதினாறு பேர் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு பந்தம் தெரியவில்லை.

வாசித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், ஸ்டோரின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, கறையான் தூளுக்கு நடுவில் ஓவென்று அழுதேன். அவள் பந்தம் பிடித்தது நிஜம். அதற்குப் பிறகு தண்ணீர் வந்ததும் நிஜம். தப்பித்தவர்கள் முதலில் நெருப்பைப் பார்த்தார்கள், பிறகு எல்லாம் போனதைப் பார்த்தார்கள். நெருப்பினால்தான் போயிற்று என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பயந்து வேறு தோட்டங்களுக்கு ஓடிவிட, புதிதாகக் கப்பலில் வந்தவர்களுக்குக் கதை மட்டும் மிஞ்சியிருக்கிறது. முப்பத்தொன்பது வருஷமாக அவளுக்கு உப்பில்லாத சோறு.

திங்கட்கிழமை காலை அந்தக் கடிதத்தையும் செக்ரோலையும் துரையின் மேசையில் வைத்தார் கொர்னேலியஸ். துரை கடிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நின்று படித்தாராம். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாராம். தன்னுடைய அதே நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவர் போட்ட கையெழுத்து. வசதிக்காக என்ற அதே காரணம். அந்த வார்த்தைதான் அவரைப் பிடித்திருக்க வேண்டும். லயம் மேட்டுப் பக்கம் போகட்டும், மரங்களை வெட்டிக்கொள்ளலாம் என்றார். பிறகு அவரே ஜீப்பை எடுத்துக்கொண்டு, என் கணவரையும் புத்தகங்களையும் ஏற்றி, அலோர் காஜாவுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. சிவப்புக் கோடுகளை அவரே எண்ணினார். இருபத்துநாலு. கடிதத்தில் இருந்த ஏழு குழந்தைகளையும் அதோடு கூட்டித் தாளில் முப்பத்தொன்று என்று எழுதினாராம். சாமிக்கண்ணுவை வெளியே விட இன்னும் நாலு நாள் ஆயிற்று. இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள். படையல் இனிமேல் கம்பி வேலிக்குள்தான். சமைத்த சோறு ஒரு பருக்கைகூட மிஞ்சக்கூடாது. போலீஸ் பார்க்க அங்கேயே தின்று முடிக்கவேண்டும்.

லாக்கப்பிலிருந்து வந்த அன்றைக்குச் சாயங்காலம் அவரும் மீனம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆள் பாதியாக இருந்தார். காப்பி கொடுத்தேன். அவர்கள் அதைக் குடிக்கும் வரைக்கும் கொர்னேலியஸுக்குப் பொறுமை இல்லை.

"சாமிக்கண்ணு, அது முனி இல்லப்பா. மழை. ஒரே நாள்ல பதினோரு இஞ்சு."

சாமிக்கண்ணு காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "பதினோரு இஞ்சா வந்தாரா?"

நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

"மழையா வந்தா முனி இல்லேன்னு ஆயிருமா, ஐயா? நாளைக்கு நீங்க இந்தத் தோட்டத்த விட்டுப் போயிட்டா, அந்தப் பள்ளத்துல வீடு கட்டாதேன்னு யாரு சொல்லுவா? முனிதான் சொல்லணும்."

"சரிப்பா" என்றார் கொர்னேலியஸ்.

பிறகு நான் கடிதத்தின் கடைசிப் பகுதியைத் தமிழில் சொன்னேன். தங்கையாவின் மனைவி ராமாத்தாள் என்ற இடத்தில் சாமிக்கண்ணு தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கப்பாவா? எங்கப்பாவுக்கு மூத்த தாரமா அவங்க?"

"கடுதாசியில அப்படித்தான் இருக்கு."

"சொல்லவே இல்லையே டீச்சர். சாகுற வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல." அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "அவரு உசுரோட இருந்த வரைக்கும் அந்தக் கடைசி எலைய அவரு தொடமாட்டாரு. என்னத்தான் போடச் சொல்லுவாரு. நான் சின்னப் பிள்ளைலேர்ந்து போடுறேன். திருப்பி, திருப்பிப் போட்டேன், டீச்சர். என் கையால."

மீனம்மா அவர் முதுகில் கை வைத்தாள். தங்கையா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்த ராத்திரி அவர் எங்கே நின்றார், அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்த பதினாறு பேரில் அவரும் ஒருவரா, அதுவும் தெரியாது. எல்லாரும் ஒரு கதையைச் சொல்லும்போது தனியாக நின்று இல்லை என்று சொல்ல எல்லாருக்கும் தெம்பு வருமா? இருபத்துநாலுக்கும் ஏழுக்கும் இலை போட்டு, ஒருவரையும் விட்டுவிடாமல் எண்ணி வைத்ததாவது அவர் செய்தார். அவர் மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே நான் கேட்டேன்.

"ஏங்க, நோவா காலத்துல பேழையில ஏறாதவங்கள்ல ஒரு ராமாத்தாள் இருந்திருப்பாளா?"

அது வேற என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசற்படியில் நின்று மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்திருப்பா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்டபோது, எனக்குத் தெரியாது என்றேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

பூட்ஸ் கால் பட்ட படையல் ஆகாது என்று, பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி படையல் போட்டார்கள். அந்த டிசம்பரில் மழையே சரியாகப் பெய்யவில்லை. லயத்தை மேட்டுக்கு மாற்றியதால் முனி சாந்தமாகிவிட்டார் என்றார்கள் சனங்கள். மாசத்துக்கே மூன்று இஞ்சுதான் என்றார் கொர்னேலியஸ். இரண்டும் பொய்யில்லை. மேட்டில் புதுப் பலகை வாசனை இன்னும் போகவில்லை. முள்கம்பிக்குள், கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று கல்லை நட்டு வேலை ஊன்றியிருந்தார்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் இரண்டு பேர் துப்பாக்கியோடு நின்றார்கள். ஒருவர் இலைகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாமிக்கண்ணு முப்பது இலை போட்டார். முப்பத்தோராவது இலையைக் கையில் எடுத்துத் துடைத்தார். பிறகு மற்ற இலைகளைப் போலவே நுனி இடப்பக்கம் வரும்படி போட்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவர் எல்லார் பக்கமும் திரும்பி, கடிதத்தில் இருந்ததை அவருக்குத் தெரிந்த மாதிரி சொன்னார். பந்தத்தைப் பற்றிச் சொன்னார். பதினாறு பேரைப் பற்றிச் சொன்னார். முனி கோபத்தில் வரவில்லை, தன் வழியே வந்தார், அந்த வழியில் லயம் கட்டியதுதான் தப்பு, கட்டச் சொன்னது அவள் இல்லை என்றார். சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து அந்த இலையில் வைத்தார்.

பூசை முடிந்தது. இனி உத்தரவுப்படி உட்கார்ந்து தின்ன வேண்டும். முப்பது இலைகளிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி இலை காலியாகவே இருந்தது. சொன்னதை யாரும் நம்பாமல் இல்லை. ஆனாலும் முப்பத்தொன்பது வருஷப் பயம் ஒரு கடிதத்தில் போய்விடுமா? ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கிழவிகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கான்ஸ்டபிள் அந்த இலையைக் காட்டி, இது யாருக்கு என்று மலாயில் கேட்டார். சாமிக்கண்ணு படைத்தவர், அவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் போய் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். படையல் சோறு எங்களுக்கு ஆகாது. அதனால் நினைத்ததோடு நின்றுவிட்டேன். அதை இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

மீனம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்தாள். எட்டாம் மாச வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நடந்து வந்தாள். "ஏய், பிள்ளைத்தாச்சிடி நீ!" என்று யாரோ பதறினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். இலையைக் கும்பிட்டாள். முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்து மென்றாள். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் லாரி போகிறது மட்டும் கேட்டது.

விழுங்கிவிட்டு அவள் தன் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள். "கொழம்பு ஊத்துங்க."